பின்கதவுச் சுவிச்

நட்டாங்கண்டலில் பன்னிரண்டாவது வீடு
பத்மலோசனியுடையது.
கூரை நான்கு தகரம், இரண்டு வேறு வேறு நிறுவனம் தந்தவை,
ஆணித் துளைகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராது.

தெற்குப் பார்க்கவேண்டும், பத்துப் பாகை சரிவு,
நிழல் விழக்கூடாது.
விழுகிறது.
பாலைமரத்தின் ஒரு கொப்பு, மூன்று மணிக்குப் பிறகு.
வெட்டட்டோ என்றேன்.
"காய்ச்சிருக்கு பிள்ளை. ஆடி பிறக்கட்டும்."
படிவத்தில் எழுதினேன்:
நிழல் உண்டு, பழம் முடியும்வரை.

துணுக்காயில் பழைய நெற்களஞ்சியம் ஒன்றில்
நாற்பது நாள் படித்தோம்.
பதினொரு பெண்கள், மூன்று பெடியன்கள்,
உமி இன்னும் சுவர் வெடிப்புகளில்.
பிரியங்கர மாத்தையா குருநாகலில் இருந்து வந்தவர்.
அவரிடம் இருந்த தமிழ் மூன்று சொல்:
சிவப்பு, கறுப்பு, கவனம்.
கூரையில் நின்று பார்த்தால்
அதற்குமேல் தேவைப்படவில்லை.

கரண்ட் கம்பி பெரிய ரோட்டோடு நின்றுவிட்டது.
ஒழுங்கைக்குள் வரக் காணி உறுதி கேட்கிறார்கள்.
உறுதி இருந்த சூட்கேசை
மாத்தளன் மணலில் விட்டுவிட்டுப்
பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் இவள்.
கச்சேரியில் மூன்று தரம் எழுதிக் கொடுத்தாயிற்று.
சூரியன் உறுதி கேட்காது என்று
எங்கள் நிறுவனத்துத் துண்டுப் பிரசுரத்தில் இருக்கிறது.
எழுதியவர் ஒருநாளும்
பத்து மணி வெயிலில் தகரத்தில் முழங்கால் ஊன்றியிருக்க மாட்டார்.

சுவிச் எங்கே பூட்ட என்று கேட்டேன்.
எல்லாரும் வாசலைக் காட்டுவார்கள்,
நுழைந்ததும் கை தானாகப் போகிற இடம்.
அவள் என்னைக் குசினிக்குள் கூட்டிப்போய்ப்
பின்கதவு நிலையைத் தொட்டாள்.
"செவ்வாய்க்கிழமை" என்றாள்.
அவ்வளவுதான்.
எனக்கும் செவ்வாய்க்கிழமைதான்.
அதே கொம்பனி, வேறு குழு,
ஆடு வாங்க எடுத்த கடன், ஆடு செத்து இரண்டு வருசம்.
நாலு மீற்றர் வயர் கூடுதலாகப் போனது.
கணக்கில் எழுதவில்லை.

பற்றரி பார்க்க நான் திரும்பப் போனதும்
ஒரு செவ்வாய் பொழுதுபட.
ஆரபி கொப்பியை விரித்து
வகுத்தல் கணக்கில் மிச்சம் வருவதைப் பற்றி
என்னோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.
ஒழுங்கை முனையில் மோட்டர்சைக்கிள் சத்தம்.
டக்.
மூன்று பேரும் நிலத்தில்.
எல்லாம் இருட்டு,
கன்றோலரில் ஒரு பச்சைப் புள்ளி மட்டும்
இமைத்து இமைத்து.
அதை நிறுத்துவது எப்படியென்று
நாற்பது நாளிலும் ஒருவரும் சொல்லித்தரவில்லை.
எட்டி உள்ளங்கையால் பொத்தினேன்.
விரல் இடுக்கெல்லாம் பச்சை.

"அக்கா."
கஜரூபன்.
முதலாவது பிரிவில் படித்துச் சேர்ட்டிபிக்கற் எடுத்தவன்,
அப்போது பூட்ட வீடு இருக்கவில்லை,
கடன் வசூலிக்க ஆள் தேவைப்பட்டது.
"அக்கா, இருக்கிறியளோ?"
வீட்டைச் சுற்றி நடந்தான்.
ரோச் வெளிச்சம் தகரத்தில் ஊர்ந்து
ஓரிடத்தில் நின்றது.
பிறகு யாருக்கும் சொல்லாததுபோல் சொன்னான்:
"மேற்குப் பக்கக் கிளிப் இறுகேல்லை.
சோளகம் அடிச்சால் பனல் பறக்கும்."

எனக்கு வந்ததே ஒரு கோபம்!
எழும்பி வெளியே போய்
நான் பூட்டினதடா, நாலும் நான் பூட்டினது என்று
கத்த வாய் திறந்துவிட்டேன்.
பத்மலோசனியின் கை
நல்ல வேளையாக என் வாயில் விழுந்தது.
வெங்காய வாசம்.
ஆரபிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.
அவனுக்குக் கேட்டிருக்கும்.
கேட்காதவன்போல் வண்டியை உதைத்தான்,
இரண்டாம் உதைக்குத்தான் பிடித்தது.

விடிய ஏறிப் பார்த்தேன்.
தகரம் இன்னும் குளிர்.
மேற்குப் பக்கம், கீழ்க் கிளிப்,
அரைச் சுற்று.